தோமையார் நம்ப மறுத்தது யாரை?



"மகன் கடவுளை விட்டிட்டான் சுவாமி, ஒருக்காக் கூப்பிட்டுப் பேசிப்பாருங்கோ" என்று பெற்றோர் வந்து கேட்காத பங்கு இன்று இல்லை எனலாம். அழைத்துப் பேசினாலோ, பலர் கடவுளை விட்டதாகத் தெரிவதில்லை. தனியே செபிக்கிறார்கள். மடு மாதாவிடம் போகிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வரவும், குருவானவரின் சொல்லை நம்பவுமே மனமில்லை என்கிறார்கள். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, அவர்களை விசுவாசம் இழந்தோரின் பட்டியலில் நாம் சேர்த்துவிடுகிறோம். இது நேர்மையான கணக்கன்று என்பதே எனது கருத்து.

தோமையாரை எண்ணிப்பாருங்கள் (யோவான் 20:24-29). ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நாமும் அவருக்குச் 'சந்தேகத் தோமா' என்று பெயர் சூட்டிவிட்டோம். அவரிடம் அதைச் சொன்னவர்கள் யார்? கெத்சமனியில் ஆண்டவரைக் கைவிட்டு ஓடியவர்கள். அவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்தவரே அவர்களுள் முதல்வர். (தோமையாரும் ஓடியவர்தாம், அது வேறு கதை.) அத்தகையோரின் சாட்சியம் தமக்குப் போதாது என்று அவர் கருதியதில் வியப்பென்ன? ஆயினும் எட்டு நாட்களின் பின் அவர் அவர்களோடு அதே வீட்டில் இருந்தார். எவரும் அவரை வெளியே தள்ளியிருக்கவில்லை. ஆண்டவர் வந்து அவருக்குக் காட்டியது தமது காயங்களை.

காயத்தை மூடிவைத்தால் என்ன நேரும் என்பதற்கு அயர்லாந்து சான்று. அது நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. அந்நாட்டின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரை யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி தாங்கி நிற்கிறது. அங்கிருந்து வந்த குருக்கள் நம் முன்னோருக்குக் கற்பித்தார்கள். 1979 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் டப்ளின் நகரில் திருப்பலி ஒப்புக்கொடுத்தபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். 2009 இல் அந்நாட்டில் இரு விசாரணை அறிக்கைகள் வெளிவந்தன. துறவற சபைகள் நடத்திய சிறுவர் நிலையங்களில் பல தசாப்தங்களாக நடந்த கொடுமைகளை முதலாவது அறிக்கை வெளிக்கொணர்ந்தது. குருக்கள் சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் குற்றங்களை டப்ளின் உயர் மறைமாவட்டம் கையாண்ட விதத்தை மற்றையது ஆராய்ந்தது. பிள்ளைகளின் நலனுக்கு முன்பாக இரகசியமும் நற்பெயரும் சொத்துமே பேணப்பட்டன என்று கண்டது. தம்மைக் கத்தோலிக்கர் எனப் பதிந்தோர் 2016 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 79 பேர். 2022 இல் 69 பேர்.

ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று, 764 மீற்றர் உயரமான குரோ பாட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலுடன். ஞாயிறு திருப்பலியை விட்டு நெடுநாளானவர்களும் அவர்களுள் உண்டு.

2011 பெப்ரவரியில் டப்ளின் பேராயர் டயர்மிட் மார்ட்டின், தமது பேராலயத்தில், வெறுமையாக்கப்பட்ட பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடந்தார். பின்னர் பாதிக்கப்பட்டோர் சிலரின் பாதங்களைக் கழுவினார். அவ்வழிபாட்டை ஆயத்தம் செய்ததிலும் பாதிக்கப்பட்டோருக்குப் பங்கிருந்தது. அதனால் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. திரும்ப வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டென்றால், அந்த உரிமை இத்தகைய இடத்தில்தான் தொடங்க முடியும்.

நம்மிடம் அப்படியெல்லாம் இல்லை என்று ஆறுதல் கொள்வோர் உளர். சேமக்காலையில் இன்னாருக்கு இன்ன பக்கம் என்று வகுத்த சாதியையும், சொரூபம் சுமக்கும் உரிமைக்காக இரண்டுபட்ட ஊரையும், கணக்குக் காட்டப்படாத பெருநாட் காசையும் நம் பிள்ளைகளும் கண்டுதான் வளர்கிறார்கள். அவர்கள் வாய் திறந்தால், "சுவாமிமாரைப் பற்றிக் கதைக்கக்கூடாது, சாபம் வரும்" என்று பெற்றோர் அடக்குகிறீர்கள். குருக்களாகிய நாங்களோ, திருச்சபை பலவீனமுள்ள மனிதர்களால் ஆனது என்று சொல்லிக் கடந்துபோகிறோம். உண்மைதான். காயப்பட்டவனும் மனிதன்தானே?

தனியே நம்பினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. தோமையாருங்கூட அந்த வீட்டுக்கு வந்தபடியாலேதான் ஆண்டவரைக் கண்டார். நற்கருணை ஒருவர் தனித்திருந்து உண்ணும் விருந்தன்று. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது ஒன்றுண்டு.

ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்பதைச் சிறிது காலம் நிறுத்துங்கள். எதைக் கண்டாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை திருச்சபைக்காக வாதாடாதீர்கள். சொல்வது காசுக் கணக்கானால் பங்கு அருட்பணிச் சபையில் எழுந்து கேளுங்கள். ஒரு குருவைப் பற்றியதானால் ஆயருக்கு எழுதுங்கள். என்னைப் பற்றியதானாலும் அவ்வாறே. சிறுபிள்ளை ஒருவருக்கு நேர்ந்த தீங்கானால், எங்களில் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை அன்றைக்கே அழையுங்கள்.