சேய்மைச் சுட்டும் சிக்கன வில்லையும்

தமிழிலே சுட்டெழுத்து மூன்று. இகரம் அண்மையைச் சுட்டும். அகரம் சேய்மையைச் சுட்டும். இரண்டிற்கும் நடுவே நிற்பதை உகரம் சுட்டும். தமிழகத்துப் பேச்சிலே இந்த நடுச்சுட்டு வழக்கொழிந்து போயிற்று. யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் அது இன்றும் உயிரோடு உலாவுகின்றது. 'உதை எடு', 'உங்கை பார்' என்று நயினாதீவிலே பள்ளிக்கூடம் புகாத குழந்தையும் பிழையின்றிப் பேசும்.

கமராவின் வில்லைகளுக்கும் இம்மூன்று சுட்டும் நன்கு பொருந்தும். அகன்ற பார்வையுடைய வில்லை, கையெட்டும் பொருளைக் காட்டி 'இது' என்னும். மிக நீண்ட வில்லை, கண்ணுக்கெட்டாத பறவையைக் காட்டி 'அது' என்னும். இடையே நின்று, வளையத்தைத் திருகத் திருக அண்மையிலிருந்து சேய்மை நோக்கி நகர்வது சூம் வில்லை. கடைக்காரர் 'டெலிபோட்டோ சூம்' என்று கூறும் அதனை நாம் தொலைப்பட வில்லை என்போம். அதனை வாங்க விரும்பும் மாணாக்கரும் ஆசிரியரும் இந்நாளிற் பலராயினர். எதனை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது என்று அவர்கள் கேட்கின்றனர். 250 அல்லது 300 மில்லிமீற்றர் வரை செல்வதாய், கைநடுக்கத்தைத் தடுப்பதாய், விலை மலிந்ததாய் உள்ள ஒரு வில்லை நமக்குப் போதும் என்பதே நம் கருத்து. மிஞ்சும் பணத்துக்கு வேறு வேலை உண்டு.

இக்கேள்வி கடைத்தெருவோடு முடிவதன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1990-இல் தீவகத்து மக்களிற் பெரும்பாலோரும், 1995-இல் வலிகாமத்து மக்களும் இடம்பெயர்ந்தனர். கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள், சுவரில் மாட்டியிருந்த படங்களையும் பெட்டியில் இருந்த அல்பங்களையும் விட்டே சென்றனர். பாட்டனார் முகம் எவ்வாறிருந்தது என்று அறியாத பேரப்பிள்ளைகள் நம்மிடையே உளர். எஞ்சிய நூல்களை 2005 முதல் நூலகம் நிறுவனம் மின்வடிவிற் பேணி வருகின்றது. ஊரிலே இன்று எஞ்சியுள்ள காட்சிகளைப் படத்திற் பேணும் பொறுப்போ முதற்கண் ஊரவரையே சாரும். வில்லை வாங்குவோர் அந்தப் பொறுப்பை மனத்திற்கொண்டு வாங்குதல் வேண்டும்.

இனி, படமெடுக்க வேண்டிய பொருள்கள் எத்துணைத் தூரத்தில் உள்ளன என்று நோக்குவோம். நயினாதீவிலே பராக்கிரமபாகு மன்னனின் 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உளது. ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பிறநாட்டு வணிகரைப் பற்றியும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் யாருக்கு எப்பங்கு என்பது பற்றியும் அது கூறும். அதனைப் படமெடுக்கத் தொலைப்பட வில்லை வேண்டுவதே இல்லை. கமராவோடு கூட வரும் சிறு வில்லையும், பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சமும் போதும். சாய்ந்த ஒளியிலே எழுத்தின் பள்ளம் நிழல் கொள்ளும். கல் தானே வாசிக்கத் தரும்.

அடுத்து நாகபூஷணி அம்மன் கோயிலின் கிழக்கு இராசகோபுரம். அதன் உயரம் 108 அடி. மேனிலையிலுள்ள சுதைச் சிற்பம் ஒன்று, கீழே நிற்பவனிடமிருந்து 40 மீற்றர் தூரத்தில் உள்ளது என்று கொள்வோம். சாதாரண மாணவர் கமராவின் உணரி ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் அகலமும் 15 மில்லிமீற்றர் உயரமும் உடையது. 250 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டினால், அந்தத் தூரத்திலே ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் உயரமும் உள்ள பரப்புப் படத்தை நிறைக்கும். ஒரு மீற்றர் உயரமுள்ள உருவம், கையில் ஏந்திய ஆயுதமும் கழுத்தில் அணிந்த ஆரமும் தெரியும்படி பதியும். ஆனி மாத மகோற்சவத்திலே தேர்த்தட்டில் நிற்பவரின் முகம், குறிகட்டுவான் இறங்குதுறையிலே வள்ளத்திலிருந்து கைப்பிடித்து இறக்கப்படும் முதியோர், வலை இழுக்கும் கைகள், நெடுந்தீவு வெளியிலே மேயும் கட்டாக்காலிக் குதிரைகள் யாவும் இதற்கும் குறைந்த தூரத்தனவே. தீவகத்து வாழ்வு பெரும்பாலும் 'உது' என்னும் தூரத்திலே நடைபெறுகின்றது.

பறவைகளின் நிலை வேறு. 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஓர் ஆலா 30 மீற்றருக்கு அப்பால் இருப்பின், 300 மில்லிமீற்றர் வில்லை உணரியின் மீது வரையும் உருவம் 3 மில்லிமீற்றரே. 600 மில்லிமீற்றர் வில்லையாயின் 6 மில்லிமீற்றர். ஆனால் 300 வில்லையோடு 15 மீற்றர் வரை பொறுமையாய் அணுகினாலும் அதே 6 மில்லிமீற்றர் கிடைக்கும். தூரத்தைப் பாதியாக்குவதும் குவியத்தூரத்தை இரட்டிப்பதும் ஒன்றே. முன்னையதற்குப் பொறுமை விலை. பின்னையதற்குப் பணம் விலை. ஆயினும், கூடு கட்டியிருக்கும் பறவையை அணுகுதல் ஆகாது. அது முட்டையை விட்டெழுந்தால் வெயில் முட்டையை அவித்துவிடும். அவ்விடத்துப் படத்தைக் கைவிடுவதே கற்றவர் செயல்.

விலை ஏன் இத்துணை வேறுபடுகின்றது? துவாரமே காரணம். 300 மில்லிமீற்றர் வில்லை 5.6 என்னும் துவார எண்ணைப் பெற, ஒளி புகும் வழி ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் அகலம் இருத்தல் வேண்டும், 2.8 என்னும் எண்ணைப் பெற 107 மில்லிமீற்றர் வேண்டும். ஒளி நான்கு மடங்கு புகும். கண்ணாடியின் எடையும் விலையும் அதனினும் விரைந்து ஏறும். கெனன் நிறுவனத்தின் 55-250 ஐ.எஸ். எஸ்.ரீ.எம். வில்லை 375 கிராம். அதே நிறுவனத்தின் 300 மில்லிமீற்றர் 2.8 வில்லையின் இரண்டாம் வடிவம் ஏறத்தாழ 2 கிலோ 350 கிராம். முன்னதைப் பள்ளிப்பையிற் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறலாம். பின்னதற்கு ஒரு துணையாள் வேண்டும்.

தாமஸ் டால்மேயர் முதலியோர் தொலைப்பட வில்லைக்கு வழிகண்டது 1891-இல். நிழற்படக் கமராவுக்கென முதற் சூம் வில்லையை வொய்க்லாண்டர் நிறுவனம் வெளியிட்டது 1959-இல். ஆயினும் ஏழை மாணாக்கனுக்குப் பேருதவி செய்தது 1995-இல் வந்த மூன்றாவது மாற்றமே. கைநடுக்கத்தைத் தடுக்கும் பொறியைக் கெனன் நிறுவனம் அவ்வாண்டிலே 75-300 வில்லை ஒன்றிற் புகுத்தியது. அதன் பயன் யாதெனின், 250 மில்லிமீற்றர் வில்லையைக் கையிற் பிடித்துத் தெளிவாய் எடுக்க, ஷட்டர் என்னும் கதவம் ஏறத்தாழ 1/400 செக்கனில் மூடுதல் வேண்டும். நடுக்கத்தடை மூன்று படி உதவினால் 1/50 செக்கனும் போதும். மாலை வெயில் சாய்ந்த பின்னும் கோபுரத்தைப் படமெடுக்கலாம்.

ஆகவே, வாங்குவோர் வில்லையின் மேல் எழுதியுள்ள எழுத்துக்களை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும். கெனன் வில்லையில் 'ஐ.எஸ்.', நிக்கொனில் 'வீ.ஆர்.', தம்ரொனில் 'வீ.சி.', சிக்மாவில் 'ஓ.எஸ்.', சோனியில் 'ஓ.எஸ்.எஸ்.' என்பன நடுக்கத்தடையைக் குறிக்கும். நிக்கொனின் ஏ.எப்-பி 70-300 சிறு உணரி வில்லை இரு வகையாக வந்தது: ஒன்றில் அவ்வெழுத்து உண்டு, மற்றதில் இல்லை. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தார் போலும். மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளி தவறினாற் பொருள் மாறும் மொழியைப் படித்த நமக்கு இக்கவனம் புதிதன்று. மேலும், இந்த ஏ.எப்-பி வகை வில்லைகள் பழைய நிக்கொன் கமராக்கள் சிலவற்றிற் குவியங் கொள்ளா. கமராவை உடன் கொண்டுசென்று பூட்டிப் பார்த்தே வாங்குக. மலிவு என்று பலரும் வாங்கும் கெனன் 75-300 மூன்றாம் வடிவத்தில் நடுக்கத்தடை இல்லை. நீண்ட முனையில் உருவமும் மழுங்கும். அதனைவிட 55-250 வில்லை 50 மில்லிமீற்றர் குட்டையாயினும் மேலானது.

2022-இல் ரூபா வீழ்ந்து, டொலர் ஒன்று 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய பின், இறக்குமதிப் பொருளின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாததாயிற்று. எனவே பிறர் பாவித்த வில்லையை வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை. ஆராயாது வாங்குவதே இழுக்கு. வில்லையின் ஒரு புறத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்தி மறுபுறத்தால் நோக்குக. சிலந்தி நூல் போலக் கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், விட்டுவிடுக. பூட்டும் வளையத்தின் திருகாணிகளிலே துரு இருந்தால் அது கடற்காற்றுண்ட வில்லை. வளையத்தை முன்னும் பின்னும் திருகுக. மணல் அரைபடும் ஓசை கேட்டால் அதுவும் வேண்டா. வாங்கிய பின் தோலுறையில் அடைத்துவைத்தல் தீது, தோல் ஈரம் காக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்க. உப்புத் தூவானம் படிந்த கண்ணாடியைச் சட்டைத் தலைப்பாற் துடைத்தல் கூடாது. முதலிற் துகளை ஊதி நீக்கிப் பின் மெல்லிய ஈரத்துணியால் ஒற்றுக.

பணத்தால் வாங்க முடியாத சிலவும் உள. நண்பகலிலே வெண்மணற் பரப்பின் மேலும் பரவைக் கடலின் மேலும் கானல் அலையும். அதனூடு நோக்கும் வில்லை இலட்சம் பெறினும் உருவம் நெளியும். காலையில் எழுந்து செல்வதே அதற்கு மருந்து. ஆடும் வள்ளத்திலே நடுக்கத்தடை கையைத் தாங்கும், பறக்கும் ஆலாவைத் தாங்காது. கதவத்தை விரைவாக்குதலே வழி. இரவுத் திருவிழாவிலே 5.6 துவாரம் போதாதாயின், நீண்ட வில்லையை வைத்துவிட்டு, 50 மில்லிமீற்றர் 1.8 என்னும் சிறு வில்லையைப் பூட்டி இரண்டடி முன்னே செல்க. அதுவும் மலிவானதே.

'மலிவு வில்லையின் படம் மங்கல். அச்சுக்கு உதவாது' என்று கூறுவார் உளர். 6,000 புள்ளி அகலமுள்ள இக்காலக் கமராப் படத்தைப் பாதியாக நறுக்கினாலும் 3,000 புள்ளி எஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட்டால் அது 10 அங்குல அகலம். நம் ஊர் மலர்களில் எப்பக்கம் அதனினும் அகலம்? வங்காலைச் சரணாலயத்திலே பூநாரைகளை ஆண்டுதோறும் கணக்கிடுவோருக்கு 150-600 போன்ற வில்லை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. றம்சார் ஈரநிலமாக 2010-இல் அறிவிக்கப்பெற்ற இடம் அது; அங்கே 'அது' என்னும் சுட்டுக்கே வேலை. அத்தகைய 2 கிலோ வில்லையைத் தனியொருவர் வாங்காது, பல பாடசாலைகள் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு விலையுயர்ந்த வில்லை ஒன்றை அனுப்பினால், அது பழுதாகிவிடும் என்ற அச்சத்தால் அதிபரின் அலுமாரியில் உறங்கும். பூஞ்சணமே அதனை அனுபவிக்கும். அதே பணத்துக்கு எளிய வில்லைகள் சிலவும், படங்களை இரண்டிடத்திற் சேமிக்கும் வன்தட்டுக்களும், மாணாக்கர் நெடுந்தீவுக்குச் சென்றுவர வழிச்செலவும் கிடைக்கும். பிள்ளைகளின் கையில் உலவும் பொருளே கொடையின் பயனைத் தரும்.

நீண்ட வில்லையை ஏந்துவோருக்கு ஓர் ஒழுக்கமும் வேண்டும். தூரத்திலிருந்து நோக்குவதாற் பிறர் அறியமாட்டார் என்பது உரிமையாகிவிடாது. தீர்த்தமாடும் பெண்கள், விரதத்தால் சோர்ந்திருப்பவர், இழவு வீட்டார் ஆகியோர் அனுமதியின்றி வில்லைக்கு உரியவர் அல்லர். கோயிலிலும் விகாரையிலும் படமெடுக்கலாகாது என்ற இடத்திற் கமரா பையிலிருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. எடுத்த படத்துக்கு ஊர், நாள், அதிலுள்ளார் பெயர், செய்யும் தொழில் ஆகிய நான்கையும் அன்றிரவே எழுதிவைக்க. அவை எழுதப்பெறாத படம் பாயிரமில்லாத நூல். ஐம்பது ஆண்டின் பின் அதனைக் காண்பவன், 'யாரோ ஒரு கிழவர், ஏதோ ஒரு கரை' என்பான். வில்லை தூரத்துப் பொருளை இன்று அருகே கொணரும். வருங்காலத்தவருக்கு அருகே கொணர்வது அந்த எழுத்தேயாகும். வில்லையிற் சிக்கனம் செய்தவருக்குப் பேனாவுக்கும் கொப்பிக்கும் பணம் குறையாது.