எதை வெச்சுச் சொல்றீங்க?

ராத்திரி பதினோரு மணிக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தால், யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சித்தி மகன் கூப்பிட்டபோது அப்படித்தான் பதறி எழுந்தேன். இந்த முறை படுத்திருந்தது லாரி.

நாமக்கல் பக்கத்துக்காரன். ஒத்தை லாரி. ஓனரும் அவனே, டிரைவரும் அவனே. 2018 மாடல், பத்து சக்கரம், பிஎஸ்-4 வண்டி. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இன்னும் பதினாலு தவணை பாக்கி. ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பியிருக்கிறான். (மகாராஷ்டிராவில் விரதம் என்றால் சாபுதானா கிச்சடி. அவர்கள் பட்டினி கிடப்பதற்கு நாம் மரவள்ளிக் கிழங்கு பயிரிடுகிறோம்!) தொப்பூர் ஏற்றத்தில் பாதி ஏறியதும் இழுவை போய்விட்டது. கரும்புகை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. செகண்ட் கியரில் நத்தை மாதிரி நகர்ந்து தர்மபுரிக்கு வெளியே ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அங்கே ஒருவர் லேப்டாப்பைச் சொருகிப் பத்து நிமிஷம் பார்த்தார். டர்போ போச்சு, இன்ஜெக்டர் ஆறும் போச்சு என்று தீர்ப்பு சொன்னார். எஸ்டிமேட்டும் உடனே ரெடி. டர்போ 46,000. இன்ஜெக்டர் ஒன்று 15,000 வீதம் 90,000. லேபர் 18,000. ஆயில், ஃபில்டர், இதர செலவு 11,000. ஆக மொத்தம் 1,65,000 ரூபாய். காலையில் அறுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் ‘பார்ட்ஸ்’ எடுக்க ஆள் அனுப்புவார்.

“வீட்டுக்காரி செயினை வெச்சா நாப்பது வந்துருங்ண்ணா. மிச்சம் இருவதுதான் உங்ககிட்ட...” என்றான்.

எனக்கு லாரி பற்றித் தெரிந்ததெல்லாம், பின்னால் எழுதியிருக்கும் ‘சவுண்ட் ஹாரன்’தான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. “டர்போ போச்சுன்னு அவர் எதை வெச்சுச் சொல்றார்?”

“கம்ப்யூட்டர்லயே காட்டுதுங்ண்ணா.”

“டர்போவைக் கழட்டிப் பார்த்தாரா?”

“அதெல்லாம் நாம கேட்டா கோவிச்சுக்குவாருங்க.”

இந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றரை லட்ச ரூபாய் போகப்போகிறது, பெண்டாட்டி கழுத்துச் செயின் போகப்போகிறது. இவனுக்கோ மெக்கானிக் மனசு நோகக்கூடாது!

அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போவில் முப்பது வருஷம் பஸ் இஞ்சினோடு மல்லுக்கட்டி ரிட்டயரான நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்த நேரத்தில் அவரையும் எழுப்பி கான்ஃபரன்ஸ் காலில் போட்டேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, ஒரே அடியாகவா? புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா? ஏறும்போது ஏதாவது சத்தம் கேட்டதா?

ஒரே அடியாகத்தான். கறுப்பு. ‘உஸ்’ஸென்று காற்றுப் போகிற மாதிரி சத்தம் வந்ததாம்.

“ஆறு இன்ஜெக்டரும் பேசி வெச்சிக்கிட்டு ஒரே நிமிஷத்துலயா செத்துப்போகும்?” என்று நண்பர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். டர்போ என்பது காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிற விசிறி. அது தள்ளுகிற காற்று, இடையில் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், அங்கே சூடு தணிந்து இஞ்சினுக்கு வருகிறது. அந்த ஹோஸ் கிழிந்தாலோ, கிளாம்ப் கழன்றாலோ காற்று வெளியே போய்விடும். காற்று பற்றாமல் டீசல் அரைகுறையாக எரியும். கரும்புகை வரும், இழுவை போகும். கம்ப்யூட்டர் ‘அழுத்தம் குறைவு’ என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். காற்றைத் தள்ளுகிறவன் செத்தானா, வழியில் ஓட்டை விழுந்ததா என்பதை மனிதன்தான் குனிந்து பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் 103 என்று காட்டினால் ஜுரம் என்று அர்த்தம். டைஃபாய்டு என்று எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாது.

மறுநாள் காலை நம் ஆள் டார்ச் அடித்துக்கொண்டு தானே கேபினுக்கு அடியில் தலையை விட்டான். ஹோஸ் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி, அடிப்பக்கம் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வண்டி சும்மா ஓடும்போது கிழிசல் மூடிக்கொள்ளும். லோடோடு ஏறும்போது வாயைத் திறக்கும். ஷெட்டில் ஐடிலில் நிறுத்திப் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்?

டவுனில் ஹோஸ் 1,450 ரூபாய், கிளாம்ப் இரண்டு 180. பக்கத்தில் இன்னொரு சின்ன ஷெட்டிலிருந்து ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-யில் வந்து மாட்டிக் கொடுத்தார். டர்போவையும் கையால் சுற்றி, ஆட்டிப் பார்த்து, “இதுக்கென்ன, நல்லாத்தான இருக்கு” என்றாராம். மத்தியானம் வண்டி ஓசூர் தாண்டிவிட்டது.

அந்த முதல் மெக்கானிக் திருடன் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதார நம்பியே சொல்லியிருக்கலாம். என் கோபத்துக்குக் காரணம் வேறு. நம் ஆள் அன்றைக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டர்போவை மாற்ற ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும். கிழிந்ததைப் பார்த்ததும் புதிதாக ஒன்றைப் போட்டிருப்பார்கள். வண்டி ஜம்மென்று தொப்பூரை ஏறியிருக்கும். “பாத்தீங்களா, டர்போதான்னு சொன்னேன்ல?” என்று அவர் சொல்ல, “ராசியான கை” என்று இவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பான். 1,450 ரூபாய் ரிப்பேருக்கு 1,65,000 போனது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும். மெக்கானிக்குக்கும்கூட! அடுத்த லாரிக்கும் அதே வைத்தியம்தான். ‘சரியாயிடுச்சே’ என்பதை வைத்துக்கொண்டு, சொன்ன காரணமும் சரி என்று ஒப்புக்கொள்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம்.

“லாரிக்காரன் எல்லாம் இஞ்சினியரா சார்? அவனுக்கு என்ன தெரியும், எப்படிக் கேட்பான்?” என்று சிலர் கேட்பீர்கள். தெரியாதவன் கேட்பதற்குத்தான் கேள்வி என்ற ஒன்று இருக்கிறது. எதை வெச்சுச் சொல்றீங்க? வேற எதனாலயாவது இப்படி ஆகுமா? அதைப் பாத்தாச்சா? இதற்கு இஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. இன்ஜெக்டர் கெட்டதா என்று பார்க்க, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்புகிற டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளந்து பார்க்கிற சோதனை இருக்கிறதாம். ஆறையும் மாற்றச் சொல்கிறவர் அந்த ஆறு பாட்டிலைக் காட்டட்டுமே. கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொடுக்கட்டும். உண்மையாக வேலை பார்க்கிற மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். சந்தோஷமாக விளக்குவார், வாயை மூட வைப்பதுதான் கஷ்டம். (என் நண்பரை அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் மூட வைத்தேன்.)

ஏமாந்த பிறகு என்ன வழி? சட்டம் இருக்கிறது. தொழிலுக்காக வாங்கினால் நீ நுகர்வோர் இல்லை என்று சொல்லி லாரிக்காரர்களைத் துரத்திவிடப் பார்ப்பார்கள். நம்பாதீர்கள். தன் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியதென்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. துணைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆள் போட்டு ஓட்டவிட்டு நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் சிக்கல். ஆனால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும், எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டும் பழைய பாகமும் இல்லாமல் என்னத்தைக் காட்டுவீர்கள்?

பெரிய கம்பெனிகளும் இதில் யோக்கியம் இல்லை. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. அவர்கள் அப்பீல், கோர்ட் என்று இழுத்தார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரிப்பேர் உரிமை’க்காக ஒரு இணையதளமும் திறந்தது. தர்மபுரி ஷெட்டில் கிரீஸ் கையோடு நிற்பவருக்கு அதனால் எத்தனை சர்க்யூட் டயகிராம் கிடைத்ததோ!

இதில் நம் பங்கும் இருக்கிறது. அந்த முதல் ஷெட்டில் ஒரு விதி: வேலையை அவரிடமே கொடுத்தால் ஸ்கேன் ஃப்ரீ, வண்டியை வெளியே எடுத்தால் 1,500 ரூபாய். நம் ஆள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் அந்த எஸ்டிமேட்டிலேயே நியாயமான தொகை அது ஒன்றுதான். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குத் தனியாகக் கூலி தர நமக்கு மனசு வராது. “பாத்ததுக்குக் காசா?” என்போம். அப்புறம் அவர் எங்கே போய்ச் சம்பாதிப்பார்? பாகத்தை மாற்றினால்தான் காசு என்றால், எல்லாக் கோளாறும் பாகம் மாற்றுகிற கோளாறாகத்தான் தெரியும்.

புனேவிலிருந்து திரும்பி வந்ததும் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஸ்வீட் பாக்ஸ், ஏகப்பட்ட நன்றி. கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஹோஸ், கிளாம்ப், ஸ்கேன்.

“அந்தப் பெரியவருக்கு எவ்வளவு குடுத்தே?”

“ஐநூறு கேட்டாருங்ண்ணா. ஒரு ஹோஸ்தான மாட்டுனீங்கன்னு பேசி, முன்னூறுல முடிச்சுட்டேன்.”