நாய்க்கு வைத்தியமா, கம்பெனிக்கு லாபமா?

"வைத்தியச் செலவுக்கு வக்கில்லாதவன் நாயும் பூனையும் வளர்ப்பானேன்?"

பிரிட்டனில் இந்த உபதேசம் தாராளமாக நடக்கிறது. மிருக வைத்தியசாலை நீட்டிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தொழிலாளிக் குடும்பத்தைப் பார்த்து, வயிறு நிறைந்த கனவான்கள் செய்யும் உபதேசம் இது. பென்ஷனில் காலம் தள்ளும் கிழவிக்குப் பூனை ஒன்றுதான் பேச்சுத் துணை. அவளுக்கும் இதே உபதேசம்தான்!

நாம் கேட்கிறோம்: பில் ஏன் இப்படி ஏறியது? ஏறிய பணம் யாருடைய பைக்குப் போயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது அயோக்கியத்தனம்.

மனிதனுக்கே மருந்து கிடைக்காத உலகத்தில் சீமை நாயின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். நமது ஊர்க் கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் பெடிக்ரீ பாக்கெட்டைத் தயாரிக்கும் அதே கம்பெனிதான் இந்தக் கதையின் கதாநாயகர்களில் ஒன்று. சங்கதியைத் தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது.

சர்க்காரின் கமிஷனே சொன்ன சேதி

பிரிட்டிஷ் சர்க்காரின் 'போட்டி, சந்தை ஆணையம்' 2023 செப்டம்பரில் இந்தத் தொழிலைப் பற்றி விசாரணை தொடங்கியது. இந்த ஆணையம் முதலாளித்துவத்துக்கு விரோதியல்ல. போட்டி சரியாக நடந்தால் சகல வியாதியும் தீரும் என்று நம்புகிற ஸ்தாபனம். அதனிடம் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் தங்கள் குறைகளை எழுதினார்கள். அவர்களில் 11,000 பேர் அந்தத் தொழிலிலேயே வேலை செய்பவர்கள்!

ஆணையம் கண்டது என்ன? 2016க்கும் 2023க்கும் இடையே மிருக வைத்தியக் கட்டணம் சராசரி 63 சதவிகிதம் ஏறியது. மற்ற விலைவாசிகள் ஏறிய வேகத்தை இது எங்கேயோ தாண்டிவிட்டது. பெரிய கம்பெனிக் குழுக்களின் வைத்தியசாலைகளில், தனி வைத்தியர்கள் நடத்தும் இடங்களைவிடச் சராசரி 16.6 சதவிகிதம் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

2024இல் ஆணையம் வெளியிட்ட விவரப்படி, 80 சதவிகிதத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் மிகச் சாதாரண சிகிச்சைக்குக்கூடத் தங்கள் இணையதளத்தில் விலை போடவில்லை. பரிசோதனைக்குச் சம்மதிக்கும் முன் செலவு எவ்வளவு என்று தங்களுக்குச் சொல்லப்படவேயில்லை என்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எழுதினார். இரவு நேர அவசர சிகிச்சை என்றால் அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்!

கத்தரிக்காய் வாங்கப் போகிறவன்கூட விலை கேட்டுவிட்டுத்தான் பையை விரிக்கிறான். இங்கேயோ, மேஜைமேல் நாய் மூச்சுத் திணறிக் கிடக்கிறது. கையெழுத்துப் போடு என்று காகிதம் வருகிறது. அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? லாபம் அந்தத் தவிப்பிலிருந்து பிழியப்படுகிறது.

பெயர்ப்பலகை பழசு, முதலாளி புதுசு

முன்பு பிரிட்டனில் மிருக வைத்தியசாலையை மிருக வைத்தியரேதான் சொந்தமாக நடத்த வேண்டும். 1999இல் இந்த விதி தளர்ந்தது. வைத்தியமே அறியாத மூலதனம் உள்ளே நுழைந்தது.

2013இல் வைத்தியசாலைகளில் சுமார் 10 சதவிகிதம் பெரிய குழுக்களின் கையில் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது சுமார் 60 சதவிகிதம் ஆகிவிட்டது. ஐ.வி.சி. எவிடென்ஷியா, சி.வி.எஸ்., மெடிவெட், வெட்பார்ட்னர்ஸ், பெட்ஸ் அட் ஹோம், லினேயஸ் என்று ஆறு குழுக்கள். முதலாவதன் பின்னால் ஸ்வீடன் தேசத்து முதலீட்டுக் கம்பெனியான ஈ.க்யூ.டி. நிற்கிறது. அதில் நெஸ்லேக்கும் பங்கு உண்டு. ஆம், குழந்தைகளின் பால்மாவு விற்கும் அதே நெஸ்லேதான். கடைசியில் சொன்ன லினேயஸை 2018இல் விழுங்கியது, மிட்டாயும் பெடிக்ரீயும் விற்கும் அமெரிக்க மார்ஸ் கம்பெனி.

விழுங்கிய விதத்தையும் பார்க்க வேண்டும். ஊரில் நாற்பது ஆண்டு நடந்த வைத்தியசாலையை வாங்குவார்கள். பெயரை மாற்றமாட்டார்கள்! பலகை அதே பலகை. வாசலில் அதே பூந்தொட்டி. 'நம்ம ஊர் டாக்டர்' என்று ஜனங்கள் நம்பி வருவார்கள். விலைப்பட்டியலோ எங்கோ ஒரு தலைமை ஆபீஸில் தயாராகும். ஒரு வைத்தியசாலை பிடிக்கவில்லை என்று நாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறவன், அதே முதலாளியின் இன்னொரு வாசலில் போய் நிற்கிறான். இதற்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமாம்!

அமெரிக்காவில் இதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் நடந்தது. மார்ஸ் கம்பெனி பான்ஃபீல்டு ஆஸ்பத்திரிகளை வாங்கியது. 2017இல் வி.சி.ஏ. என்ற ஆஸ்பத்திரிச் சங்கிலியை, அதன் கடன்களையும் சேர்த்து, சுமார் 910 கோடி டாலருக்கு வாங்கியது. அதோடு ஆன்டெக் என்ற பரிசோதனைக்கூடமும் கைக்கு வந்தது. நாய் தின்னும் தீனி அந்தக் கம்பெனியுடையது. தின்று நோயுற்றால் ஆஸ்பத்திரி அதனுடையது. ரத்தம் எடுத்துப் பார்க்கும் இடம் அதனுடையது. குணமானபின் எழுதிக் கொடுக்கும் பத்தியத் தீனியும் அதனுடையதாகவே இருக்கலாம். இது ஒரு குடும்பத்தின் சொத்து. பங்குச் சந்தைக்கு வந்து லாபக் கணக்கை ஊரறியச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

பிரிட்டனிலும் பெரிய குழுக்களிடம் இரவு ஆஸ்பத்திரி, பரிசோதனைக்கூடம், மேல்சிகிச்சை நிலையம் எல்லாம் இருக்கின்றன. சுடுகாடும் உண்டு! செத்த நாயும் கணக்கில் வரவு.

டாக்டரா குற்றவாளி?

கம்பெனிகளின் வக்கீல்கள் சும்மாயிருக்கவில்லை. "வைத்தியம் முன்னேறிவிட்டது, ஸ்கேன் வந்துவிட்டது, புது மருந்து வந்துவிட்டது, செலவு ஏறத்தானே செய்யும்?" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமலில்லை. முன்பு கைவிடப்பட்ட பிராணி பலவும் இன்று பிழைக்கிறது. ஆனால் ஸ்கேன் பக்கமே போகாத நாய்க்கும், தடுப்பூசிக்கும், பல நாளாகக் கொடுத்துவரும் அதே மாத்திரைக்கும் பில் ஏறியது ஏன்? நாள்பட்ட நோய்க்கான மருந்து சிலவற்றை வெளியே வாங்கினால் ஆண்டுக்கு 200 பவுனோ அதற்கு மேலோ மிச்சமாகலாம் என்று ஆணையமே கணக்கிட்டது. ஒரே மாத்திரை, வைத்தியசாலை மேஜையில் ஒரு விலை, வெளியே ஒரு விலை! இதில் விஞ்ஞான முன்னேற்றம் எங்கே வந்தது?

இன்னும் சிலர் டாக்டர்களைத் திட்டுகிறார்கள். கோபம் நியாயம், குறி தவறு. கம்பெனி வைத்தியசாலையில் நிற்கும் டாக்டர் அங்கே மாதச் சம்பளக்காரர். நர்ஸின் சம்பளமோ அதைவிடக் குறைவு. பில்லைப் பார்த்து வெடிக்கும் கோபத்தை நேருக்கு நேர் வாங்கிக்கொள்பவர்கள் இவர்கள்தான். லாபத்தை வாங்கிக்கொள்பவர்கள் அந்தக் கட்டடத்துக்கு வருவதேயில்லை.

2024 ஜூலையில் தெற்கு வேல்ஸில், வெட்பார்ட்னர்ஸுக்குச் சொந்தமான 'வேலி வெட்ஸ்' வைத்தியசாலைகளின் டாக்டர்களும் நர்ஸுகளும் மற்ற ஊழியர்களும் யுனைட் தொழிற்சங்கத்தின் கீழ் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனில் மிருக வைத்தியத் துறையின் முதல் வேலைநிறுத்தம் அது. கட்டணம் ஏறுகிறது, சம்பளம் கேட்டோ வீதிக்கு வர வேண்டியிருக்கிறது. அப்படியானால் நடுவில் ஏறிய பணம் எங்கே போயிற்று? நாயின் சொந்தக்காரரும் நாய்க்கு ஊசி போடுபவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்ஷூரன்ஸ் என்னும் மாயமான்

"இன்ஷூரன்ஸ் எடுங்கள், கவலை தீர்ந்தது" என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. திடீரென்று பெரிய ஆபரேஷன் வந்தால் அது கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பிராணிக்கு வயதாக ஆகப் பிரீமியம் ஏறும். மிக அதிகமாக வைத்தியம் தேவைப்படும் காலத்தில்தான் பிரீமியமும் எட்டாத உயரத்துக்குப் போகும். கட்டணம் குறையாமல் இன்ஷூரன்ஸ் மட்டும் பெருகினால், அதே கொள்ளைக்கு மாதத் தவணை கட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அமைப்பு மாறும்வரை நோயுற்ற பிராணி காத்திருக்காது. ஆகவே பிரிட்டனிலோ வேறெங்கோ கம்பெனி வைத்தியசாலை வாசலில் நிற்கும் சாதாரண ஜனங்கள் கூச்சமின்றிக் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. இவற்றைப் பிராணி சுகமாக இருக்கும்போதே, வைத்தியரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கேட்பது உத்தமம்.

முதலாவது: இந்த வைத்தியசாலை யாருக்குச் சொந்தம்? பலகையில் உள்ள பெயரைச் சொன்னால் போதாது. முதலாளியின் பெயர் வேண்டும்.

இரண்டாவது: இரவில் ஆபத்து வந்தால் யார் பார்ப்பார்கள்? இங்கேயேவா, முப்பது மைலுக்கு அப்பாலா? அதற்கு என்ன கட்டணம்?

மூன்றாவது: இந்தச் சிகிச்சைக்கு என்ன செலவு என்று எழுதிக் கொடுங்கள், இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா? இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான் என்றால், பரிசோதனை எதற்கு? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால் ஆபத்தா?

நான்காவது: மருந்துச்சீட்டு எழுதிக் கொடுங்கள். பிரிட்டனில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வெளியே மருந்து வாங்கலாம். இந்த உரிமை உண்டென்றே பிராணி வளர்ப்போரில் சுமார் கால்வாசிப்பேருக்குத் தெரியாது என்று ஆணையம் கண்டது. தெரியாமை ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு வருமானம்!

நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். பல வைத்தியர்கள் இதைப் பேச வாய்ப்புக் கிடைத்ததே என்று மகிழ்வார்கள். கோபப்படுகிற இடம் எதுவோ, அது தவிர்க்க வேண்டிய இடம்.

விலைப்பலகை மட்டும் போதுமா?

2025 அக்டோபரில் ஆணையம் தனது இடைக்கால முடிவை வெளியிட்டது. மொத்தம் 21 யோசனைகள். விலைப்பட்டியலை வெளியிட வேண்டும். பெரிய குழுவுக்குச் சொந்தமென்றால் அதைச் சொல்ல வேண்டும். 500 பவுனுக்கு மேற்பட்ட சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். மருந்துச்சீட்டுக்கு 16 பவுனுக்கு மேல் வாங்கக் கூடாது. நல்ல யோசனைகள்தான், வரவேற்கிறோம். ஆனால் வியாதி எங்கே, மருந்து எங்கே? கொள்ளைக்காரனைச் சட்டையில் பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னால் அவனை அடையாளம் தெரியும். பறிபோனது திரும்பாது.

1966ஆம் ஆண்டின் சட்டம் தனி டாக்டரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டம் பிறந்த நாளில் டாக்டரே முதலாளி. இன்று டாக்டர் தப்புச் செய்தால் அவரது பதிவு பறிபோகலாம். அவருக்கு மேலே உட்கார்ந்து விலை நிர்ணயிக்கும் கம்பெனியோ சட்டத்தின் கைக்கு வெளியே! வைத்தியசாலை நடத்தும் கம்பெனியையே சட்டத்தின் கீழ் கொண்டுவராமல் எந்தச் சீர்திருத்தமும் முழுமையாகாது.

அடுத்தது, ஏழைகளின் பிராணிகளுக்கு வைத்தியம். 1917இல், முதலாம் யுத்தத்தின் நடுவே, மேரியா டிக்கின் என்ற மாது லண்டன் ஈஸ்ட் எண்டில், ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் இலவச வைத்தியசாலை திறந்தார். வண்டி இழுக்கும் கழுதை, பால் தரும் ஆடு, எலி பிடிக்கும் பூனை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏழைகள் அங்கே திரண்டார்கள். ஏழை பிராணியை நேசிக்கத் தெரியாதவன் என்ற அவதூறு அன்றே பொய்த்துப் போயிற்று. அந்தத் தர்ம ஸ்தாபனம் நூறு ஆண்டுகளைக் கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. பாராட்டத்தக்க தொண்டு, ஆனால் நாட்டின் வைத்தியத் தேவையை நன்கொடை உண்டியல் எவ்வளவுதான் சுமக்கும்? 1948 முதல் மனிதனுக்குப் பொது வைத்தியம் கண்ட நாடு பிரிட்டன். ஆஸ்பத்திரி பில் என்பதையே அறியாமல் வாழ்ந்த குடும்பம், முதன்முதலாக அதை நாயின் பெயரில்தான் பார்க்கிறது! லாபத்துக்கு வைத்தியம் நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நமது கிராமத்து ஜனங்கள் 'மாட்டாஸ்பத்திரி' என்று அழைக்கும் சர்க்கார் கால்நடை மருந்தகமும், சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும் பொதுச் சொத்து. அங்கே மருந்தில்லை, டாக்டர் இல்லை என்று குறை இருந்தால் மருந்தும் டாக்டரும் கேட்டுப் போராட வேண்டும். பொது ஆஸ்பத்திரி மெலிந்த இடத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி கொழுக்கும்.

பிரிட்டிஷ் ஜனங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வக்கில்லாதவன் பிராணி வளர்க்கலாமா என்று உங்களைக் கேட்பவனிடம் திருப்பிக் கேளுங்கள். வைத்தியம் தெரியாதவன் வைத்தியசாலையை வளைத்துப் போடலாமா? பதில் வரும்வரை விடாதீர்கள்!