உடைந்த குடங்கள் ஊஞ்சலாகட்டும்
நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

ஏரிக்கரைப் பூங்காவைச் சீரமைக்க மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது என்று படித்தேன். நடைபாதை, விளக்குகள், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள், இருபது பெஞ்சுகள். மனசுக்கு நிறைவாக இருந்தது. பெஞ்சுகளுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை என்று கேள்விப்பட்டதால் அவசரமாக இதை எழுதுகிறேன். அந்த இருபதில் மூன்றே மூன்றை நம் ஊர்க் குப்பையில் சேருகிற பிளாஸ்டிக்கைக் கொண்டு, நம் ஊரிலேயே செய்ய வேண்டும். அதுவும் உட்கார்ந்து எழுந்து போவதற்கு மட்டுமல்ல, விளையாடவும் ஆகிற மாதிரி. இதுதான் என் கோரிக்கை.

கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் பிளாஸ்டிக் குடம் ஊதும் பட்டறை நடத்தியவன் நான். மூடி நாலு வருஷமாகிறது. தண்ணீர் லாரிக்கு முன்னால் இந்த ஊரில் வரிசை கட்டி நின்ற பச்சை, ஆரஞ்சு, நீலக் குடங்களில் பல என் பட்டறையில் பிறந்தவை. ஒரு குடம் வீட்டில் எத்தனை வருஷம் உழைக்கும், கழுத்தில் விரிசல் விடுமா அடியில் விடுமா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விட்டுப்போன குடம் அப்புறம் எங்கே போகிறது என்று மட்டும் அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அந்தக் கடன் என் மனசில் கிடக்கிறது.

போன மாதம் நகராட்சியின் பொருள் மீட்பு மையத்துக்குப் போயிருந்தேன். மட்காத குப்பைக் குவியலுக்கு முன்னால் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டுகிறார், நகத்தால் கீறிப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை உடைத்துப் பக்கத்திலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார். மிதந்தால் இந்தச் சாக்கு, மூழ்கினால் அந்தச் சாக்கு. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கும். பி.வி.சி. குழாயும் பெட் பாட்டில் துண்டும் கனம், மூழ்கிவிடும். பட்டறையில் நாங்களும் இப்படித்தான் பார்ப்போம்.

அப்போது ஒரு வெள்ளைக் கேன் வந்தது. அதுவும் மிதக்கிற வகைதான். ஆனால் அவர் அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை, தூரமாகத் தள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டேன். “பூச்சிமருந்து கேனுங்க ஐயா. எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது” என்றார். எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் சிலிர்த்துவிட்டது. பிள்ளைகள் கை வைக்கப் போகிற ஒரு பொருளுக்கு அந்தக் கேன் போய்ச் சேர்ந்திருந்தால்?

அதே குவியலில் ஒரு நீலக் குடம் கிடந்தது. அடியில் என் பட்டறை டையின் வட்ட முத்திரை.

சுத்தமான கெட்டி பிளாஸ்டிக்கை வியாபாரிகள் எடைக்கு வாங்கிப் போகிறார்கள். எதற்கும் ஆகாத மெல்லிய கவர்கள் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. தவறில்லை. ஆனால் மட்கும் குப்பை தனி, மட்காத குப்பை தனி என்று வீட்டு வாசலில் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறோமே, அப்படிப் பிரித்துக் கொடுத்தது என்னவாயிற்று என்று ஜனங்கள் கண்ணால் பார்க்க நம் ஊரில் ஒரு பொருளாவது உண்டா? வண்டி தெருமுனை திரும்பியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படுகிறது என்றே பாதிப் பேர் நம்புகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் எத்தனை நாளைக்குப் பிரிப்பார்கள்? தான் கொடுத்த குடம் பூங்காவில் பெஞ்சாக நிற்பதைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது என் மூளையில் மட்டும் உதித்த யோசனை இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 2017-இல் தி நியூ ரா என்ற வடிவமைப்பாளர் குழு, வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையை உருக்கி முப்பரிமாண அச்சில் ஒரு பெஞ்ச் செய்தது. ஐம்பது கிலோ எடை. அந்த ஊரில் ஒருவர் வருஷத்துக்கு 23 கிலோ பிளாஸ்டிக் குப்பை போடுகிறார், ஆக ஏறக்குறைய இரண்டு பேர் குப்பையில் ஒரு பெஞ்ச் என்பது அவர்கள் கணக்கு. எனக்குப் பிடித்தது கணக்கைவிட அந்த பெஞ்சின் அமைப்புதான். அதன் அடி வளைவானது, ஆடும். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சமன் செய்துகொண்டால்தான் நிலைக்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு சிரிப்பாவது சிரித்துத்தான் ஆக வேண்டும். பிறகு அதே குழு கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்துக்குப் போனது. அங்கே பெஞ்சின் வடிவத்தையும், அதோடு செடித்தொட்டி வேண்டுமா, புத்தக அலமாரி வேண்டுமா, சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமா என்பதையும் ஊர் ஜனங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படி அச்சடிக்கிற ரோபோ கையை இங்கே வாங்கச் சொல்லவில்லை அம்மா. அரைக்கும் மெஷின், சூடாக்கும் அடுப்பு, அழுத்தும் பிரஸ், மூன்றும் போதும். நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹாக்கன்ஸ் என்பவர் 2013-இல் பிரெஷியஸ் பிளாஸ்டிக் என்ற பெயரில் இம்மாதிரிச் சின்ன மெஷின்களின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிட்டார். நம் ஊர் லேத் பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன், குப்பை பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போட வழி கண்டு, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிறந்த வேலை அது. நம்மால் மூன்று பெஞ்ச் முடியாதா?

விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தால், நம் முன்னோர் பொது இடத்தில் வைத்த எதுவும் வெறும் இருக்கையாக நின்றதில்லை. திண்ணை வழிப்போக்கனுக்குப் படுக்கை, கிழவர்களுக்குச் சபை, பிள்ளைகளுக்குப் பள்ளி. சுமைதாங்கிக் கல், கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. தலைச்சுமையைப் பிறர் கை உதவாமலே இறக்கி ஏற்றிக்கொள்கிற உயரத்தில் அது நிற்கும். பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் கூர்ந்து பாருங்கள், ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் கல்லில் கீறியிருக்கும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து யாரோ எப்போதோ மதியப் பொழுதைக் கழித்த தடம். அதற்கென்று தனியாக ஒரு விளையாட்டு இடம் ஒதுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே விளையாட்டு இருந்தது.

ஆகவே முதல் பெஞ்ச் ஆடுகிற பெஞ்சாக இருக்கட்டும். நம் வீட்டு ஊஞ்சல் பலகை அளவு, நாலு பேர் உட்காரலாம். ஆட்டம் ஒரு சாணுக்கு மேல் போகாதபடி அடியில் கட்டை கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் விரல் இடுக்கில் மாட்டாத இடைவெளியும் வேண்டும்.

இரண்டாவதில் உட்காரும் பலகையின் நடுவிலேயே பல்லாங்குழி. ஏழு ஏழாகப் பதினாலு குழி. பலகையைப் பிரஸ்ஸில் அழுத்தும்போது டையிலேயே பதினாலு குமிழ் வைத்துவிட்டால் குழி தானாக விழும், தனி வேலை கிடையாது. சாயங்காலம் நடைக்கு வந்து மூச்சு வாங்க உட்காருகிற பாட்டிகளும், அவர்கள் கையைப் பிடித்து வருகிற பேத்திகளும் புளியங்கொட்டை கொண்டுவந்தால் போதும்.

மூன்றாவதை நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் 1947-இல் தொடங்கி முப்பது வருஷத்தில் ஆம்ஸ்டர்டாமில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை அமைத்தார். அவற்றில் யானையும் கிடையாது, வாத்தும் கிடையாது. வளைந்த கம்பி, வட்டக் கல், மணல் குழி, அவ்வளவுதான். அது என்ன என்பதைப் பிள்ளை முடிவு செய்துகொள்ளும். நம் பிள்ளைகளிடமும் காகிதத்தைக் கொடுத்துக் கேட்போம். என்ன வரைவார்கள் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

இனித் தொழில்காரனாக நாலு எச்சரிக்கை. இவற்றை விட்டுவிட்டால் நல்ல யோசனை கெட்டுப்போகும்.

பிளாஸ்டிக் பலகை சித்திரை வெயிலில் இளகும். மரம் மாதிரி நினைத்து நாலடிக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் ஒரே வருஷத்தில் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். சூட்டில் அது இரும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும், அதனால் போல்ட் துளையை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போட வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கறுப்புச் சாயத்திலுள்ள கரித்தூள் வெயிலைத் தாங்கும். வண்ணப் பலகைக்கு அந்தக் காப்பு இல்லை. யூ.வி. ஸ்டெபிலைசர் சேர்க்காவிட்டால் வெளிறி, வெடித்து, பொடியாக உதிரும். அந்தப் பொடி ஏரித் தண்ணீருக்குத்தான் போகும். பெஞ்சைப் புங்கை மர நிழலில் போடுவது வெயிலுக்கும் நல்லது, உட்காருகிறவர்களுக்கும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதை உருக்குகிறோம் என்பது. பழைய டி.வி., கம்ப்யூட்டர் உறைகளில் தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் கலந்த ரசாயனம் சேர்ப்பதுண்டு. அது வேண்டவே வேண்டாம். பி.வி.சி. ஒரு துண்டு கலந்தாலும் சூட்டில் அமில வாயு வரும். பூச்சிமருந்து கேனைப் பற்றி முன்பே சொன்னேன், தண்ணீர்த் தொட்டி அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகையால் குடம், வாளி, மூடி, கூடை, இவை மட்டும். பிரிக்கும் பொறுப்பை அந்தப் பணியாளர் அம்மாவிடமும் அவரோடு வேலை செய்கிறவர்களிடமும் கொடுத்து, அதற்கென்று தனிச் சம்பளமும் கொடுங்கள். பெஞ்ச் குழுவில் பொறியாளர் இருக்கும் இடத்தில் அவர்களும் உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று பெஞ்சால் நம் ஊர்ப் பிளாஸ்டிக் தீர்ந்துவிடாது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. சந்தையில் இன்னமும் கவர் தொங்குகிறது. பெஞ்ச் போட்டுவிட்டோமே என்று அந்தத் தடையைத் தளர்த்தினால் நான் இந்த மடலை எழுதியதே பாவம். வருஷக்கணக்கில் உழைத்து உடைந்த கெட்டிப் பொருளுக்குத்தான் இந்த வழி. ஐந்து நிமிஷம் பயன்பட்ட கவருக்கு வழி, அதை வாங்காமலிருப்பது.

திறப்பு விழாவில் பெஞ்சின் முதுகில் ‘உபயம்’ எழுத ஆட்கள் வருவார்கள். தயவுசெய்து எழுத விடாதீர்கள். அந்த இடத்தில் எந்த வார்டு, எத்தனை கிலோ, எந்த மாதம் என்று மட்டும் அச்சில் பதித்துவிடலாம். ஏழாவது வார்டுக்காரர்கள் தங்கள் பெஞ்சைத் தேடி வந்து உட்காருவார்கள். அதில் எவனாவது பெயர் கீற வந்தால் அவர்களே தடுப்பார்கள்.

என் பழைய பிரஸ் இன்னும் ஓடுகிறது. மையத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த அந்த நீலக் குடத்தோடு இன்னும் சில உடைந்த குடங்களையும் அரைத்து, ஓர் அடி பல்லாங்குழித் துண்டு ஒன்று அழுத்திப் பார்த்தேன். நிறங்களை முழுசாகக் கலக்க விடாமல் அழுத்தியதால் நீலமும் ஆரஞ்சும் சலவைக்கல் மாதிரி ஓடியிருக்கின்றன. சூடு ஆறும்வரை பிரஸ்ஸிலேயே விட்டுவைத்தேன், வளையவில்லை. என் பேத்தி ஒரு வாரமாக அதில்தான் விளையாடுகிறாள். மழை பெய்த மறுநாள் காலை வந்து, “தாத்தா, குழியெல்லாம் தண்ணி நிக்குது” என்றாள். ஒவ்வொரு குழியின் அடியிலும் புளியங்கொட்டை நுழையாத அளவுக்கு ஒரு துளை போட்டேன். இப்போது நிற்பதில்லை.

வரும் திங்கட்கிழமை காலை அந்தத் துண்டோடு அலுவலகத்துக்கு வருகிறேன். பொறியாளரும் அந்தப் பணியாளர் அம்மாவும் இருந்தால் நல்லது. டைக்கு நான் கூலி வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும்
பழைய குடப் பட்டறைக்காரன்