பெயர் உண்டு, இலை எங்கே?

வஞ்சி சூடிப் பகைமேற் சென்ற வேந்தரைப் பற்றி வகுப்பிற் கற்றோம். அவ்வஞ்சி யாது என வினவின் ஒரே விடை கிடைப்பதில்லை. நீர்க்கரையில் வளரும் ஆற்றுப்பாலை மரமே அது என்பர் ஒரு சாரார். கொடி என்பர் பிறிதொரு சாரார். நெய்தற்கரை ஞாழலின் நிலையும் இத்தகையதே. பெயரைப் பாட்டிற் காத்த நாம் இலையைத் தாளிற் காத்தோமில்லை. ஆதலின் வழக்கு இன்னும் தீரவில்லை.

இலையைக் காத்தவர் ஒருவரின் வரலாறு கொழும்போடு தொடர்புடையது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இங்கு வாழ்ந்த போல் ஹெர்மன், செடிகொடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, மக்கள் வழங்கிய சிங்களப் பெயர்களையும் குறித்து வைத்தார். அவர் மறைந்து நெடுநாட்குப் பின் அத்தொகுதி லின்னேயசு என்னும் பேரறிஞர் கைக்கு எட்டியது. அதனைக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். அத்தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. பின்னர், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் திறைமன் 1893 முதல் வெளியிட்ட கைந்நூலிலே தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றன.

உலர்ந்த இலையால் ஆவதென்ன? 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியலில் அழிந்துபோனதாகக் குறிக்கப்பெற்ற குரூடியா செய்லானிக்கா என்னும் மரம், 2019இல் கம்பகா மாவட்டத்தில் உயிரோடு காணப்பட்டது. முன்னோர் திரட்டி வைத்த சான்று இல்லையாயின் அது பெயரறியா மரமாகவே நின்று, ஒருநாள் விறகாகியிருக்கவுங் கூடும்.

கைத்தொலைபேசிப் படம் போதாதோ என இளைஞர் கேட்கலாம். படம் தோற்றத்தைக் காட்டும். இலையின் அடிப்புற உரோமத்தையும் பூவின் உள்ளுறுப்பையும் ஆராய்தற்கு மெய்ப்பொருளே வேண்டும். நூறாண்டு கடந்த சருகிலிருந்தும் மரபணுவைப் பிரித்தறிய இன்று வழியுண்டு.

வெள்ளவத்தை என்னும் பெயருக்கு மணற்றோட்டம் என்பது பொருள் என்பர். இன்று அத்தோட்டத்தைப் பெரும்பாலும் இருப்புப்பாதையும் கருங்கல்லும் மாடிவீடுகளுமே நிரப்பியுள்ளன. எஞ்சிய மணலில் ஓர் அடம்போ தாழையோ நிற்பின், அஃது அங்கே நின்றது என்பதற்கு நாளை யார் சான்று?

நமது கல்லூரி அச்சான்றைத் தேடுதல் வேண்டும். வெள்ளவத்தை முதல் முகத்துவாரம் வரை மாணவர் சென்று, உரிய அனுமதி பெற்று, வேரைப் பறியாது சிறு கிளையொன்றைக் கொணர்ந்து அழுத்தி உலர்த்துக. இடம், நாள், எடுத்தவர் பெயர், அயலார் வழங்கும் தமிழ், சிங்களப் பெயர்கள் ஆகியவற்றைத் தவறாது எழுதுக. இடமும் நாளும் இல்லாத இலை வெறுஞ் சருகே. ஐயம் தோன்றின் பேராதனைத் தேசிய உலர்தாவரக் கூடத்தாரை நாடுக.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பழைய தினத்தாளும், கனத்த பலகை இரண்டும், பூச்சி அரியாத அலுமாரி ஒன்றும் போதும். அலுமாரியைப் பழைய மாணவராகிய நாம் அளிப்போம். அதனை நிரப்பும் பணி இளையோர்க்கு உரியதாகுக. அடுத்த விழா மலரில் இதனை எழுதுவோர்க்கு, 'இலை எங்கே?' என்று வினவும் நிலை நேராதிருக்கட்டும்.