விடை ஒத்துப் பார்த்தல்

தமிழ்நாட்டில் மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுப் பரீக்ஷை நிகழும் மார்ச்சு மாதத்தில், கணிதப் பரீக்ஷையன்று பகல் 1.15 மணிக்குப் பள்ளிக்கூட வாயில்களிலெல்லாம் ஒரே காட்சிதான். மாணாக்கர் நால்வர் ஐவராகக் கூடி, வினாத்தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன விடை வந்தது?" என்று ஒருவரையொருவர் வினவுகின்றனர். நுண்கணித வினாக்கள் கடினமாய் அமைந்துவிட்ட ஆண்டிலோ இக்கேள்வி ஒரு விசாரணையாகவே மாறிவிடுகிறது. நால்வருக்கு ஒரு விடையும் ஐந்தாமவனுக்கு வேறொரு விடையும் வந்திருக்குமாயின், அந்த ஐந்தாமவன் அவ்விடத்திலேயே தோற்றவனாகிறான். தாள் இன்னும் திருத்தப்படவில்லை, தீர்ப்போ கூறப்பட்டுவிட்டது.

இதைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட இயலாது. எழுத்துத் தேர்வுக்குரிய 90 மதிப்பெண்ணில் ஒரு பெருவினாவுக்கு 5 மதிப்பெண். பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கிடப்படும் 200-இல் 100 கணிதத்திற்கே உரியது. பௌதிகமும் ரஸாயனமும் சேர்ந்து மற்றப் பாதி. 2007-ஆம் ஆண்டு முதல் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தது, தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரும் நன்மையே. ஆயினும் அன்று முதல் பாரம் முழுவதும் இந்த ஒரு பரீக்ஷையின்மீது ஏறியிருப்பதையும் நாம் மறத்தற்கில்லை. வாயிலில் நிற்கும் பிள்ளையின் கண்ணீருக்குக் காரணம் இதுவே.

ஆனால் கணிதத்தில் உண்மையைப் பெரும்பான்மை வாக்கினால் நிர்ணயிக்க முடியுமா? ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கையில், சைனையும் கொசைனையும் பெருக்கிவந்த ஓர் உறுப்பைத் தொகையிட நேர்கிறது. ஒருவன் சைன் வர்க்கத்திற் பாதி என எழுதுகிறான். மற்றொருவன் கொசைன் வர்க்கத்திற் பாதியைக் கழித்தற் குறியோடு எழுதுகிறான். மூன்றாமவனோ இரட்டைக் கோணத்தின் கொசைனில் காற்பங்கைக் கழித்தற் குறியோடு எழுதுகிறான். மூன்றும் மூன்று விடைகளாய்த் தோன்றினும், மாறிலியைச் சேர்த்து எழுதியிருப்பின் மூன்றும் சரியே. முதல் விடைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் அரை. முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் கால். அவ்வித்தியாசம் மாறிலிக்குள் அடங்கிவிடுகிறது. இதை அறியாத கூட்டத்தில் சரியாக எழுதியவனே தலைகவிழ்ந்து வீடு திரும்புகிறான். அன்றியும், திருத்துவோர் இறுதி விடைக்கு மட்டுமன்றி ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் அளிக்கின்றனர். கடைசி வரியில் ஒரு குறி பிசகினவன் யாவையும் இழந்தவனல்லன்.

நுண்கணிதத்தின் சரித்திரத்திலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1665, 1666-ஆம் ஆண்டுகளில் நியூட்டன் இம்முறையைக் கண்டார், நெடுங்காலம் வெளியிடவில்லை. லைப்னிட்ஸ் தாமே வேறு வழியிற் கண்டு 1684-இல் வெளியிட்டார். இருவர் குறியீடும் வேறு, உண்மை ஒன்றே. ஆயினும் இருவர் விடையையும் பக்கத்தில் வைத்து ஆராய்வதற்குப் பதிலாக, யார் திருடர் என்ற வழக்கே எழுந்தது. 1712-இல் லண்டன் ராயல் சங்கம் நியமித்த கமிட்டி நியூட்டனுக்குச் சாதகமாய்த் தீர்ப்பளித்தது. அச்சங்கத்தின் தலைவர் நியூட்டனே, அறிக்கையைப் பெரிதும் எழுதியவரும் அவரே! இந்த வீம்பினால் ஆங்கிலேயர் நியூட்டன் குறியீட்டையே பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஐரோப்பிய கணிதத்துக்குப் பின்தங்கினர். இன்று நம் பிள்ளைகள் எழுதும் தொகையீட்டுக் குறியோ லைப்னிட்ஸ் அளித்தது. பிறர் விடையைப் பகையாய்ப் பார்த்தவன் அடைந்த நஷ்டம் இது.

நம் பக்கத்து மரபு வேறு. நியூட்டனுக்கு முன்னே, பதினான்காம் நூற்றாண்டில், கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவர் சைன், கொசைன்களுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டனர். அவர் வழிவந்த ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530-இல் அவற்றை மலையாளத்தில், தம் மக்கள் மொழியிலேயே, விளக்கி எழுதினார். அந்நூலின் பெயர் 'யுக்திபாஷா'. முடிவை மட்டும் ஒப்புவிக்காமல், அம்முடிவு எந்த யுக்தியால் வந்ததென்று படிப்படியாய்க் காட்டுவதே அதன் பெருமை. வாயிலிற் கூடும் மாணாக்கருக்கு வேண்டுவதும் அதுவே. "என்ன வந்தது?" என்பதைவிட, "எப்படி வந்தது?" என்பதே கல்வியின் கேள்வி.

ஆகையால் நாம் விடை ஒத்துப் பார்த்தலை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு உரிய காலமும் இடமும் வேண்டுமென்கிறோம். அடுத்த பாடம் எஞ்சியிருக்கையில் முடிந்துபோன தாளைக் கிளறுவதால் இரண்டும் கெடும். கடைசிப் பரீக்ஷை முடிந்தபின் ஒரு நாள், ஒவ்வொரு பள்ளியிலும் கணித ஆசிரியர் மாணாக்கரைக் கூட்டி, அதே வினாத்தாளைக் கரும்பலகையில் எழுதி, யார் யார் எவ்வழியிற் சென்றனர் என்பதை அவர்களைக் கொண்டே விளக்கச் செய்வாராக. இதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டியே. மதிப்பெண்ணுக்காகப் படித்த பிள்ளை அன்றொரு நாளாவது கணிதத்திற்காகக் கணிதத்தைப் பார்ப்பான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் மூன்று மணிநேரம் காத்து நின்ற உங்கள் அன்பை நாம் அறிவோம். ஆனால் பிள்ளை வெளியே வந்தவுடன் "எத்தனை வரும்?" என்று கேளாதீர், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் ஐயமிருப்பின் விடைத்தாளின் நகல் பெறவும் மறுமதிப்பீடு கோரவும் வழியுண்டு. தவறினவனுக்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வும் உண்டு. மனம் தாளாத பிள்ளைக்கு 14416 என்னும் எண்ணில் ஆறுதல் கூற ஆளுண்டு. இத்தனை வழிகளிருக்க, ஒரு தொகையீட்டின் பொருட்டு ஓர் உயிர் வாடுவதற்கு நாம் இடங்கொடுத்தால் அந்தத் தவறு பிள்ளையினுடையதன்று, நம்முடையது.

விடை தவறினால் திருத்திக்கொள்ளலாம். தன்மேல் நம்பிக்கை இழந்த பிள்ளையைத் திருத்திக்கொடுக்க எந்த மறுமதிப்பீட்டாலும் ஆகாது.