நின்று குடித்தால் நாகரிகம் ஆகிவிடுமா?



ஒரு வாரமாக நம் குழுக்களில் ஒரே படம்தான் சுற்றுகிறது. ஜப்பானில் ஒரு சின்னக் கடை. கோட்டு போட்டவர்கள் நின்றபடியே பீர் குடிக்கிறார்கள். "குடியிலும் ஒழுக்கம்! இதைத்தான் நாம் கற்க வேண்டும்" என்று கீழே ஒரு வரி. நாற்பது பேர் கைதட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கை எழவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கடைக்கு 'தாச்சிநோமி' என்று பெயர். நின்று குடிப்பது என்று பொருள். மகள் ஒசாகாவில் இருப்பதால் மருமகனோடு நானும் இரண்டு மூன்று கடைகளுக்குப் போயிருக்கிறேன். ஊலாங் தேநீர் மட்டும் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தந்தார்கள். கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். உருளைக்கிழங்கு சாலட், அவித்த சோயாக் காய், குளிர்ந்த டோஃபு எல்லாம் சின்னச் சின்னத் தட்டில் மலிவாகக் கிடைக்கும். சில கடைகளில் பணத்தை முன்னாலேயே மேசையில் வைத்துவிட வேண்டும். தட்டு வர வர அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் சேர்ந்தால் எல்லோரும் ஒருக்களித்து நின்று இடம் கொடுப்பார்கள். டார்க் டக்ஸ் என்ற பாட்டுக்குழு அப்படி நின்று பாடுமாம். அதனால் அந்த நிலைக்கே 'டார்க்' என்று பெயர்.

ஆனால் இது ஒழுக்கம் கற்பிக்கத் திறந்த கடை அல்ல, ஐயா. நாற்காலி இல்லாவிட்டால் சின்ன இடத்தில் நிறையப் பேர் நிற்கலாம், சீக்கிரம் கிளம்புவார்கள், விலையைக் குறைக்கலாம். கணக்கு அவ்வளவுதான். இன்றைய டோக்கியோவின் கான்டா பகுதியில் 1596இல் தொடங்கிய தோஷிமாயா என்ற மதுக்கடை, சரக்கை அசல் விலைக்கே விற்று, காலிப் பீப்பாய்களை விற்று லாபம் பார்த்ததாகச் சொல்வார்கள். கித்தாக்யூஷூவில் 1901இல் ஓடத் தொடங்கிய யவாதா எஃகு ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள், காலையில் மதுக்கடை மூலையிலேயே நின்று குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது உழைத்துக் களைத்த உடம்பின் தேவை. அதற்கு நாகரிகம் என்று பட்டம் சூட்டுவது நாம்தான்.

இன்னொன்று. 'சென்பெரோ' என்று ஒரு சொல் அங்கே உண்டு. ஆயிரம் யென்னுக்குள், நம் பணத்தில் சுமார் 600 ரூபாய்க்குள், போதை ஏறுவது என்று பொருள். அதைப் பரப்பியதில் நாகாஜிமா ராமோ என்ற எழுத்தாளருக்குப் பெரும் பங்கு. குடியால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தவர் அவர். அந்த அனுபவத்தை வைத்து 1991இல் நாவலே எழுதினார். 2004 ஜூலையில் போதையில் படிக்கட்டிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். வயது 52. உங்கள் படத்தில் இந்தப் பக்கம் இல்லையே!

ஜப்பான்காரர்களுக்கே இது தெரியும். குடிவெறியின் கேட்டைத் தடுக்க 2013இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2022இல் வயதுவந்தோர் வயதை 18 ஆகக் குறைத்தபோதும், குடிக்கும் வயதை 20இலிருந்து இறக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஓட்டியவனோடு போகாது. தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும் கூட ஏறி உட்கார்ந்தவருக்கும் தண்டனை உண்டு. கற்க வேண்டும் என்கிறீர்களே, இதைக் கற்கலாமே? நீங்கள் கேட்பது சட்டத்தை அல்ல, கடையைத்தானே?

மனம் நோகும், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் படத்துக்குக் கைதட்டியவர்களில் இரண்டு பேருடைய வீட்டிலிருந்து இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்திருக்கிறது. "சார், நீங்க சொன்னா கேப்பாரு" என்று அழுத குரல். யார் என்று எழுத மாட்டேன். அவர்களுக்கே தெரியும். ஒசாகாவில் ஒருவர் அரை மணி நேரம் நின்று குடித்துவிட்டு ரயில் ஏறிப் போனார் என்பது அந்த வீட்டுக்கு என்ன ஆறுதல்?

ஜப்பான் போகிறவர்கள் போய் வாருங்கள், அந்தக் கடையையும் பாருங்கள். அதைக் காட்டி இங்கே உங்கள் குவளைக்குச் சாக்கு தேடாதீர்கள். அந்த இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை: நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் நானே கூட வருகிறேன்.

மறுத்து எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.